காலைத் தாளில் போட்ட கையெழுத்து

வாசகசாலையின் மேல்மாடியில், ஜன்னலை ஒட்டி ஒரு நீள மேசை. எட்டுப் பேர் உட்காரலாம். ஆட்சிப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பிடித்து வைத்துக்கொண்ட மேசை அது. ஆறு நாற்காலிகளில் ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறுவார்கள். மாறாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் சட்டக் கல்லூரியை மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டு வந்தவன். எதற்கெடுத்தாலும் விதி, பிரிவு என்று பேசுவான், அதனால் வக்கீல். இன்னொருத்தி ஃபைல் அக்கா. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளை வைக்கும் அறையில் மதியம் இரண்டு முதல் இரவு ஒன்பது வரை வேலை பார்த்தாள். அதனால் வந்த பெயர்.

அவள் முதல் முறை தேர்வு எழுதியபோது இருபத்து நான்கு வயது. முதல்நிலையில் பதினொரு மதிப்பெண் குறைந்தது. இரண்டாம் முறை முதல்நிலை தேறியது, முதன்மைத் தேர்வு கவிழ்த்தது. மூன்றாம் முறை நூற்று இரண்டு டிகிரி காய்ச்சலோடு போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். நான்காம் முறை நேர்முகம் வரைக்கும் போனாள். ஐந்து பேர் உட்கார்ந்திருந்த அறைக்குள் இருபத்தெட்டு நிமிடம் பேசினாள். இறுதிப் பட்டியலில் நான்கு மதிப்பெண்ணில் பெயர் இல்லை. ஐந்தாம் முறை முதல்நிலையிலேயே முழுதாக ஒரு மதிப்பெண்கூட இல்லை, ஒரு மதிப்பெண்ணில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததால் வெளியே வந்தாள். ஒருவருக்கு ஆறு முறைதான் வாய்ப்பு.

இப்படி வாங்கிய அடிக்குப் பிறகும் ஒருத்தி எப்படிக் காலையில் எழுந்து புத்தகத்தைத் திறக்கிறாள் என்று புதிதாக வருகிறவர்கள் வாய்விட்டே கேட்பார்கள். அதற்கு மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. பத்தே முக்காலுக்கு டீ குடிக்க இறங்கும்போது, அன்றைக்கு ஏன் வந்தோம் என்று ஒவ்வொருவரும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். மக்களுக்குச் சேவை, நாட்டுக்குத் தொண்டு என்று ஆரம்பித்தால் அவர்தான் அன்றைய டீக்குக் காசு கொடுக்க வேண்டும். பெரிய காரணங்கள் இரண்டாம் ஆண்டோடு தீர்ந்துபோய்விடும், சின்னக் காரணங்கள்தான் நீடித்து உழைக்கும் என்பது ஃபைல் அக்காவின் அனுபவம். வீட்டில் மின்விசிறி ஓடவில்லை என்பான் ஒருவன். பக்கத்து வீட்டு மாமா வேலை கிடைத்ததா என்று கேட்பதற்குள் ஓடி வந்தேன் என்பாள் கூரியர். அவள் மாலையில் பார்சல் கொண்டு போய்க் கொடுக்கிறவள், இருபத்தாறு வயது. ஃபைல் அக்கா பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்வாள்: அண்ணி முகத்தில் முழித்தால் துணி துவைக்கச் சொல்வாள்.

அண்ணியைப் பற்றி அப்படிச் சொன்னாலும், அந்த வீட்டின் முன்னறையை அவளுக்குப் படிக்க ஒழித்துக் கொடுத்தவள் அண்ணிதான். அண்ணன் பேருந்து பணிமனையில் மெக்கானிக். இரண்டு பிள்ளைகள். முன்னறை போனதால் பிள்ளைகள் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த இடைவழியில் பாய் போட்டுப் படுத்தார்கள். அண்ணி இதை எட்டு நாளைக்கு ஒரு முறை யாரிடம் என்றில்லாமல் காற்றில் சொல்வாள். சொல்லிவிட்டு, முன்னறைக்கு டீயும் கொண்டுவந்து வைப்பாள்.

ஆறாம் முறைக்கு விண்ணப்பித்த பிறகு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. நூற்று நாற்பத்தோரு நாள் படுக்கை. மதியம் வரை ஃபைல் அக்கா பார்த்துக்கொண்டாள், மதியத்துக்கு மேல் அண்ணி. தேர்வுக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது அம்மா போய்ச் சேர்ந்தாள். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. இந்த நிலையில் போய்க் கடைசி வாய்ப்பைத் தொலைக்க அவளுக்கு மனம் வரவில்லை. போகாமல் வீட்டில் இருக்கவும் மனம் கேட்கவில்லை.

அப்போதுதான் வக்கீல் ஒரு வழி சொன்னான். டீக்கடை வாசலில், கண்ணாடி டம்ளரைச் சுவரில் வைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னான்.

"போயி காலைத் தாளை எழுதிப் பாருக்கா. நல்லா வந்தா மத்தியானமும் எழுது. சரியா வரலேன்னா எழுந்து வந்துரு. ரெண்டு தாளும் எழுதினாத்தான் தேர்வு எழுதின மாதிரி. ஒண்ணை மட்டும் எழுதினா கணக்குல வராது. வாய்ப்பு உன் கையிலயே இருக்கும்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"அக்கா, நான் யாரு?"

கூட நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நாற்பத்தெட்டுப் பக்க அறிவிக்கையை அவள் ஆறு ஆண்டும் வாங்கி வைத்திருந்தாள். பாடத்திட்டம் இருந்த பக்கங்கள் கைபட்டுக் கிழிந்திருந்தன. விதிகள் இருந்த பக்கங்களின் மடிப்புகூடக் கலையவில்லை.

தேர்வு நாளன்று காலைத் தாளில் நூறு கேள்விக்கு நாற்பத்திரண்டுக்குத்தான் உறுதியாகப் பதில் தெரிந்தது. பதினொன்றரைக்குத் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். மதியம் இரண்டரைக்கு இரண்டாம் தாள். அவள் பேருந்து ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். மத்தியானம் தேர்வு இல்லையா என்று அண்ணி கேட்டதற்கு, வாய்ப்பைக் காப்பாற்றிக்கொண்டு வந்துவிட்டேன் என்று சொன்னாள். அண்ணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததை நல்லது என்று எடுத்துக்கொண்டு சாப்பாடு போட்டாள்.

அதற்கு அடுத்த ஆண்டு அவள் படித்தது மாதிரி அந்த மேசையில் யாரும் படித்ததில்லை. நான்கு நாற்பதுக்கு எழுந்தாள். வாசகசாலை திறக்கும் எட்டு மணிக்குப் படியில் நின்றாள். மாதிரித் தேர்வுகள் அறுபத்து மூன்று எழுதினாள். முதல் பத்தில் வாங்கிய மதிப்பெண்ணைவிடக் கடைசிப் பத்தில் சராசரி இருபத்தாறு கூடியிருந்தது. கோப்பு அறையில் வேலை ஓய்ந்த நேரங்களில் அலமாரிகளுக்கு நடுவே நின்றபடி குறிப்புகளைப் புரட்டினாள். மனம் விட்டுப்போகிற நாட்களும் இருந்தன. அம்மாவின் மருந்துப் பெட்டியைக் கழுவி வைத்த அன்றைக்கு இரண்டு மணி நேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட நாட்களில் எல்லாம் தனக்குத் தானே ஒன்றைச் சொல்லிக்கொண்டாள்: இன்னும் ஒன்று கையில் இருக்கிறது. டீ நேரத்திலும் இப்போது அண்ணியைச் சொல்வதில்லை. "ஒண்ணு மிச்சம் இருக்கு, அதான் வந்தேன்" என்பாள். காசு கொடு என்று யாரும் கேட்கவில்லை.

இணையத்தில் விண்ணப்பம் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, முன்னறையில் உட்கார்ந்து அதை நிரப்பினாள். பெயர், பிறந்த தேதி, கல்வி. பதினேழாம் கட்டத்தில், இதுவரை எத்தனை முறை தேர்வு எழுதியுள்ளீர்கள் என்று இருந்தது. ஐந்து என்று போட்டாள். பக்கத்தில் ஒரு சின்ன எழுத்து, ஒன்பதாம் பத்தி இரண்டாம் குறிப்பைப் பார்க்க என்றது. அந்த ஆண்டு எதையும் விடக்கூடாது என்று வைத்திருந்த வைராக்கியத்தில் அதையும் பார்த்தாள்.

முதல்நிலைத் தேர்வில் ஏதேனும் ஒரு தாளுக்கு மட்டும் வந்திருந்தாலும் அது ஒரு முறை தேர்வு எழுதியதாகவே கருதப்படும்.

நான்கு தடவை வாசித்தாள். பிறகு எழுந்து போய், பழைய அறிவிக்கைகளை எடுத்து விரித்துப் பார்த்தாள். ஆறிலும் அதே பத்தி, அதே குறிப்பு, ஒரு சொல்லும் மாறவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வாணையத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். பதினான்கு நிமிடம் காத்திருந்தபின் ஓர் ஆண்குரல் வந்தது. அவள் நடந்ததைச் சொன்னாள். அம்மா இறந்ததையும் சேர்த்துச் சொன்னாள். அந்த ஆள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"வருகைத் தாள்ல கையெழுத்து போட்டீங்களாம்மா?"

"காலையில மட்டும் போட்டேன் சார்."

"அப்ப அது ஒண்ணும்மா."

அவள் நன்றி சொல்லி வைத்தாள். அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. அவளுடைய கோப்பு அறையிலும் அதே சட்டம்தான். ஒரு நோயாளி காலையில் சேர்ந்து, பயந்துபோய் மதியமே எழுந்து போய்விட்டாலும், அது ஓர் அனுமதிதான். கோப்புக்கு எண் உண்டு, அலமாரியில் இடம் உண்டு. போன மாதம்கூட ஒருவர், எங்கள் ஆள் இங்கே தங்கவே இல்லை, அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார். கையெழுத்து இருக்கிறது ஐயா, எடுக்க முடியாது என்று அவள்தான் சொல்லி அனுப்பினாள்.

வக்கீலை டீக்கடைக்கு வரச் சொல்லி, குறிப்பை அவன் முன் வைத்தாள். அவன் வாசித்தான். பக்கத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். அவன் வேண்டுமென்றே தவறாகச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். யாரோ சொன்னதைக் கேட்டு, அதைச் சட்டம் மாதிரி இவளிடம் சொல்லியிருந்தான்; அந்தக் கடையில் நடக்கிற பேச்சு முக்கால்வாசி அப்படித்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அஞ்சுன்னே போட்டுரு என்றான். லட்சக்கணக்கான பேரில் யார் தேடப் போகிறார்கள் என்றான்.

"கடைசியில தேடுவாங்க. பாஸ் ஆனவங்களை மட்டும்தான் தேடுவாங்க."

"அக்கா, அது அப்ப பாத்துக்கலாம்..."

"நீ சொல்லி ஒரு தடவை பாத்தாச்சு."

அதற்கு மேல் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவன் பிற்பாடு பலரிடம் சொன்னான்.

விண்ணப்பிக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதில் முதல் ஏழு நாளும் அவள் வாசகசாலைக்குப் போனாள், பக்கங்களையும் திருப்பினாள். ஐந்து என்று போட்டால் எழுதலாம். எழுதினால், அந்த ஆண்டு அவள் தேறிவிடுவாள். அவளுக்கே அது தெரிந்திருந்தது. தேறியபின் சான்றிதழ் பார்க்கும் அறையில் எவரோ ஒருவர் வருகைத் தாளைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்துவார். பொய் உறுதிமொழி என்று எழுதுவார்கள். பிறகு ஆஸ்பத்திரி வேலையும் நிற்காது. இதெல்லாம் நடக்காமலும் போகலாம். ஆனால் பணியில் சேர்ந்து முப்பது வருடம், மேசைக்கு வருகிற ஒவ்வொரு கோப்பையும் அதுதானோ என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

எட்டாம் நாள் காலை, பதினேழாம் கட்டத்தில் இருந்த ஐந்தை அழித்துவிட்டு ஆறு என்று போட்டாள். திரை ஒரு நொடி வெள்ளையானது. தாங்கள் இத்தேர்வுக்குத் தகுதியுடையவர் அல்லர் என்று ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே, சரி என்று ஒரு பொத்தான். வேறு பொத்தான் இல்லை. அதை அழுத்தினாள்.

அடுப்படியில் நின்ற அண்ணியிடம்தான் முதலில் சொன்னாள். விஷயத்தை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. விளங்கியதும் அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு நடுமத்தியானம் வந்து நின்னியே. நீ சொன்னது புரியலைன்னும் நான் திருப்பிக் கேக்கலையே. சோத்தைப் போட்டு உக்கார வச்சேனே."

"உங்களுக்கு என்ன தெரியும் அண்ணி."

"திரும்பிப் போன்னு சொல்லத் தெரியும்ல?"

அண்ணன் சாயங்காலம் வந்து கேட்டுவிட்டு, கையில் இருந்த கிரீஸைத் துணியால் நெடுநேரம் துடைத்தார். அன்றைக்கும் பிள்ளைகள் இடைவழியில்தான் படுத்தார்கள். முன்னறைக்கு வாருங்கள் என்று அவள் கூப்பிட்டாள். அண்ணி வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். அந்தத் தடுப்பில்தான் அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்த நாள் எட்டு மணிக்கு மேசைக்குப் போனாள். புத்தகம் எடுத்துப் போகவில்லை, அறிவிக்கையை மட்டும் கொண்டு போனாள். எல்லோரும் வந்து உட்காரும் வரை காத்திருந்து, ஒன்பதாம் பத்தியை விரித்து வக்கீலின் முன் நகர்த்தினாள்.

"இரண்டாம் குறிப்பு. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வாசி."

அவன் வாசித்தான். வாசித்து முடிந்ததும் மேசையில் இருந்தவர்கள் ஃபைல் அக்காவைப் பார்த்தார்கள். விஷயம் ஒவ்வொருவருக்காகப் புரிந்தது. கூரியர் மட்டும் மேசையைப் பார்த்தபடி இருந்தாள். அவள் நான்கு முறை எழுதியவள். அதுபோக, வக்கீல் சொன்ன அதே யோசனையைக் கேட்டு, ஃபைல் அக்கா எழுந்து வந்த அதே நாளில் வேறொரு மையத்தில் காலைத் தாளோடு எழுந்து வந்தவள். இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது மெல்லிய குரலில் சொன்னாள். தேதியையும் சொன்னாள்.

"அக்கா, அப்ப எனக்கு இன்னும் எத்தனை?"

ஃபைல் அக்கா அவளிடம் ஒவ்வோர் ஆண்டாகக் கேட்டாள். எந்த ஆண்டு, எந்த மையம், காலையில் கையெழுத்துப் போட்டாளா, மதியம் போட்டாளா. ஒரு தாளில் வரிசையாக எழுதினாள். அவசரப்படவில்லை. எழுதி முடித்து, மேலிருந்து கீழாக இரண்டு தரம் எண்ணினாள்.

"ஒண்ணு."

கூரியர் தலையை ஆட்டினாள். ரெண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள். அன்று பத்தே முக்காலுக்கு யாரும் டீ குடிக்க இறங்கவில்லை. ஃபைல் அக்கா அந்தத் தாளை அவளிடம் கொடுத்துவிட்டு, முழுநேர வேலை கேட்டு எழுதியிருந்த கடிதத்தோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். பன்னிரண்டு நிமிட நடை. அலுவலகத்தில் கண்காணிப்பாளர் கடிதத்தை வாங்கி, தேதி போட்டு, வரவு எண் ஒன்றை எழுதி, அவள் கையெழுத்துக்காகப் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். அவள் அந்தப் பக்கத்தில் இருந்ததை எல்லாம், அடியில் இருந்த சின்ன எழுத்துகள் உட்பட, ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.