கடிகாரக்காரம்மாவின் நியமனம்

கைக்கடிகாரத்தைக் கழற்றி முள்ளைத் திருப்புகிறார் என்றால், யாரோ விமானம் ஏறிவிட்டார்கள் என்று அர்த்தம். கடிகாரக்காரம்மா வெளியுறவு அமைச்சகத்தில் நியமனப் பிரிவு எழுத்தர். தூதரகத்துக்கு ஓர் ஆளை அனுப்பினால், அவர் போய்ச் சேர்ந்து போன் செய்கிற வரை அந்த நாட்டு நேரம்தான் இவர் கையில் ஓடும். விவரம் தெரியாதவர்கள் இவரிடம் மணி கேட்டு பஸ்ஸைக் கோட்டைவிடுவார்கள். "இங்க மணி என்னன்னு எனக்கென்ன தெரியும்? அந்தத் தம்பி அங்க சாப்பிடுற நேரமான்னு கேளுங்க, சொல்றேன்" என்பார்.

அதே கட்டடத்தில் கேண்டீன் நடத்துகிறேன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஒற்றை அடுப்பில் ஆரம்பித்தவன். இன்று என் டீயைக் குடிக்காமல் எந்தத் தூதரும் புறப்பட்டதில்லை. ஆளை எடை போடுவதில் என்னை மிஞ்ச முடியாது. ஊரையெல்லாம் வழியனுப்பும் இந்தம்மாவுக்குத் தானும் போக ஆசை என்பதை முதல் நாளே கண்டுகொண்டேன். ஆனால் இவர் பெயர் அடிபடும்போதெல்லாம் நிதிப் பிரிவு அந்த இடத்தையே வெட்டிவிடும்.

இந்த முறை புதிதாக ஒரு தூதரகம். அதற்கு ஆள் ஒதுக்கும் கூட்டத்துக்கு டீத்தட்டை நானே தூக்கிப் போனேன். முக்கியமான இடத்துக்கு வேறு ஆளை நம்ப மாட்டேன்.

"தூதர், ஒரு டிரைவர். போதும். எழுத்தருக்குப் பணம் இல்ல" என்றார் நிதி அதிகாரி.

"சரிங்க சார். வாசக் கதவ யாரு தொறப்பா? தூதரே தொறந்துட்டு, உள்ள ஓடிப்போய் நாற்காலில உக்காந்துக்குவாரா?" என்றார் கோப்போடு நின்ற கடிகாரக்காரம்மா.

முதலில் சிரித்தவர் புதுத் தூதர்தான். அம்மா விடவில்லை. "தூதர் சார் வீட்டுக் கம்பளத்துக்கு ஒதுக்குன பணத்துல எனக்கு ரெண்டு வருஷம் சம்பளம் போடலாம். வெறுந்தரையில நடந்தா சாருக்குக் கால் தேஞ்சிடுமா?"

"எனக்குக் கம்பளம் வேண்டாம். இந்தம்மாவக் குடுங்க" என்றார் தூதர்.

நிதி அதிகாரி பேனாவைத் திறந்தார். அவருக்கு இன்னொரு டீ ஊற்றினேன், சர்க்கரை தூக்கலாக.

உத்தரவு கைக்கு வந்த அன்று கேண்டீன் முழுக்க என் செலவில் டீ. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா நேராக என்னிடம் வந்தார். கடிகாரத்தைக் கழற்றி, தான் போகப்போகும் ஊரின் நேரத்துக்குத் திருப்பினார்.

"கையக் காட்டுங்கண்ணே."

"தங்க வாட்ச் கட்டியிருக்கேனே, கண்ணு தெரியலையா?"

"அது இந்த ஊருக்கு. இன்னொரு கை சும்மாதானே இருக்கு? நான் போன் பண்ற வரைக்கும் திருப்பிடாதீங்க."

என் பருத்த மணிக்கட்டுக்கு வார் எட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து, கடைசி ஓட்டையில் மாட்டிவிட்டார்.