பரவாயில்லை மாஸ்டரின் வீட்டுப் பாடம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவருக்கு வைத்த பெயர் 'பரவாயில்லை மாஸ்டர்'. வண்டி நடுச்சாலையில் நின்றுபோகட்டும், பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் இருக்கட்டும், பக்கத்து இருக்கையிலிருந்து வருவது ஒரே குரல்தான்: "பரவாயில்ல, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க." ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கிய பல் டாக்டர்கூட அவரிடம் படித்து லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

வருஷக் கடைசியில் பள்ளி முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு டீ கொடுப்பார். பழைய மாணவர்களும் வருவார்கள். இந்த வருஷம் என்ன செய்தோம், அடுத்த வருஷம் என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். இந்த முறை மாஸ்டர் மனைவியையும் அழைத்துப் போயிருந்தார். தன்னைப் புகழும்போது அவளும் கேட்கட்டுமே என்று உள்ளுக்குள் ஓர் ஆசை.

புகழத்தான் செய்தார்கள். பல் டாக்டர் எழுந்து, "எனக்குக் கோபம் வந்தா மாஸ்டரை நினைச்சுக்குவேன்" என்றார். மனைவி மடியில் கை வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு நர்ஸ் உள்ளே வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரிடம் படித்தவள். மாஸ்டருக்கு வணக்கம் சொன்னவள், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்ததும் திகைத்துப்போனாள்.

"அக்கா, நீங்களா! தங்கச்சிக்கு இப்ப எப்படி இருக்கு?"

"பரவாயில்லம்மா."

"மாஸ்டரோட வீட்டுக்காரம்மாவா நீங்க?" நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஊசி போட்ட அலுப்புல அவங்க கண்ணே திறக்க முடியாம இருப்பாங்க, நீங்க தோள்ல சாய்ச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு நிப்பீங்களே. உங்க வீட்ல வண்டியும் இல்ல, ஆளும் இல்லன்னுதான் நினைச்சேன்."

சொன்ன பிறகுதான் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. டீ எடுக்கப் போவதுபோல நகர்ந்துவிட்டாள்.

மைத்துனிக்கு உடம்பு முடியவில்லை, சிகிச்சை நடக்கிறது என்பது மாஸ்டருக்குத் தெரியும். தொடக்கத்தில் ஓரிரு தடவை காரில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அப்புறம் "கிளாஸ் இருக்கு" என்றார். மனைவி கேட்பதை நிறுத்திக்கொண்டாள். நின்றுவிட்ட கேள்வி அவருக்கு வசதியாக இருந்தது. யாரோ ஏதோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று இருந்துவிட்டார்.

போன வருஷக் கடைசியில் இதே கூடத்தில் எழுந்து நின்று, "அடுத்த வருஷம் என் வீட்டுக்காரிக்கு ஓட்டக் கத்துக்கொடுத்துடுவேன்" என்று சொன்னதும் அவர்தான். சொன்னபடி மைதானத்துக்கு அழைத்தும் போனார். மூன்றாம் நாள் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. "கை கால் எல்லாம் உனக்கு எதுக்குத்தான் இருக்கு? சோறு திங்கறதுக்கு மட்டுமா?" என்று கத்தினார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, வீட்டுக்கு நடந்தாள். அதை அவர் உறவுக்காரர்களிடம் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறார்: "அவளுக்கும் ஸ்டியரிங்குக்கும் ஜாதகம் ஒத்துவரல."

ஊருக்கெல்லாம் வாரி இறைத்த 'பரவாயில்ல' என்ற அந்த ஒரு சொல்லில், வீட்டில் ஒரு துளி சிந்தவில்லை. காது மடல் சுட்டது அவருக்கு.

"மாஸ்டர், உங்க முறை!" என்றார் முதலாளி.

எழுந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தார். வாய் என்னவோ, "அடுத்த வருஷமும் இதே மாதிரி பொறுமையா இருக்கணும்" என்றது. கூடம் முழுக்கக் கைதட்டல். மனைவியும் தட்டினாள், மெதுவாக. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

திரும்பும்போது காரில் அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார்.

"எதை?"

"பஸ்ஸுல போறதை."

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? கத்திக்கிட்டே கொண்டுபோய் விட்டிருப்பீங்க. அவளுக்கு வாந்தி வரும்ங்க. சீட்டுல பட்டுடுச்சுன்னு நீங்க ஏதாவது சொல்லிட்டா? பஸ்ஸுல யாரும் அவளைத் திட்டல."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"நான் பண்ணது தப்பு."

"சரி, வண்டிய எடுங்க. பசிக்குது."

மறுநாள் காலை, பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பயிற்சியாளரிடம் போனார். தன் மனைவிக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

"விளையாடுறீங்களா அண்ணே? உங்களை விட்டுட்டு நானா?"

"நான் கத்திட்டேன்மா. நாலு பேர் பார்க்கக் கேவலமா பேசிட்டேன். அதனாலதான் நிறுத்திட்டா." சொல்லும்போது அவர் சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றாள்.

மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். கிளாஸ் எப்படிப் போச்சு என்று அவர் கேட்கவே கூடாது. சரி என்றார். ஆஸ்பத்திரி நாட்களில் தன் வகுப்புகளை விட்டுக்கொடுத்து, அக்காவையும் தங்கையையும் தானே கொண்டுபோய் விட்டார். முதல் நாள் பின்சீட்டிலிருந்து மைத்துனி, "உங்களுக்குத்தான் சிரமம் மாமா" என்றாள். நான்கு அறை வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கோடை முடிவதற்குள் மனைவி டெஸ்டுக்குப் போனாள். திரும்பி வந்து பையை மாட்டிவிட்டு, "போச்சு. ரிவர்ஸ்ல கம்பத்தை இடிச்சிட்டேன்" என்றாள்.

அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. கண்ணாடியை எப்படிப் பார்க்கணும், எந்த இடத்தில் ஒடிக்கணும், எல்லாம் வரிசையாக வந்தது. விழுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்த் தட்டுகளை எடுத்தார்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"இல்ல. நீ உட்காரு, போட்டுத் தரேன்."

இரண்டாம் முறை தேறிவிட்டாள். முதல் சவாரிக்குத் தங்கையைத்தான் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டாள். அவரை வா என்று கூப்பிடவில்லை. அவரும் வரட்டுமா என்று கேட்கவில்லை. வாசலில் நின்று, கார் தெரு முனையில் நிதானித்துத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் திருப்பினாள். அதைப் போய் அவளிடம் சொல்லத் தனக்கு இன்னும் யோக்கியதை வரவில்லை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார்.