ஸ்வீடன் துரைசானி கட்டிவிட்ட வேஷம்

எங்கள் அம்மா பர்மாவில், துறைமுகத்தை ஒட்டிய போட்டாதாங்கில் ஒரு ஸ்வீடன்காரர் வீட்டில் சமையல் செய்தாள். துரைக்குக் கப்பல் கம்பெனியில் உத்தியோகம். வீடு நின்ற இடத்தில் இப்போது கிடங்கு நிற்கிறது. எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். அவர்கள் மகளுக்கும் அதே வயது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் கண்ணால் பார்த்ததை மறக்கிறவள் இல்லை.

பெரிய வெள்ளிக்கிழமை அந்த வீடு இழவு வீடு மாதிரி இருக்கும். ரேடியோ கிடையாது, தையல் கிடையாது. துரைசானி கறுப்பு உடுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். பாத்திரத்தை உருட்டாதே என்று அம்மா என் காதைத் திருகுவாள். அந்த வருஷம் பர்மாக்காரர்களின் புத்தாண்டுத் தண்ணீர்ப் பண்டிகை முடிந்த கையோடு அது வந்தது. தெருவில் பிள்ளைகள் இன்னும் ஈரத்தோடு கூத்தடிக்க, அங்கே மட்டும் மூச்சுச் சத்தம் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை வேறு மாதிரி. அவர்கள் ஊரில் அன்று பெண்பிள்ளைகள் சூனியக்காரக் கிழவி வேஷம் கட்டி, வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்களாம். மகளுக்குத் துணை இல்லையென்று துரைசானி எனக்கும் வேஷம் கட்டிவிட்டார். தலையில் முக்காடு, கிழிசல் பாவாடை, கன்னத்தில் சிவப்புச் சாயம், கையில் ஒரு செம்புக் கெட்டில். பக்கத்து இரண்டு வெள்ளைக்காரர் வீடுகளுக்கு மட்டும் போய் வரச் சொன்னார்.

இரண்டாவது வீட்டோடு அந்தப் பெண் வெயில் தாங்காமல் திரும்பிவிட்டாள். எனக்கு ஆசை அடங்கவில்லை. எங்கள் தெருவுக்கே போய் ஒவ்வொரு வாசலிலும் கெட்டிலை நீட்டினேன். ஒரு பர்மாக்காரம்மா பனைவெல்லக் கட்டி போட்டாள். அடுத்தது டீக்கடை. அங்கே துறைமுக ஆட்களோடு அப்பா உட்கார்ந்திருந்தார்.

“என்னய்யா, சம்பளம் போடலியா? மகளத் தெருவுல எறக்கிட்ட,” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரிப்பார் என்று நின்றேன்.

அவர் எழுந்து வந்து, என் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப் போனார். வெல்லமும் மிட்டாயும் சாக்கடைக்குப் போயின. சாயம் போன பிறகும் என் கன்னத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

அம்மா வந்து, “ஏங்க, அது அவங்க ஊரு வழக்கம். வெளையாட்டுக்குத்தான செஞ்சாங்க,” என்றாள்.

“அவங்க புள்ள கை நீட்டுனா வெளையாட்டு. நம்ம புள்ள நீட்டுனா?”

அதோடு அப்பா அம்மாவை அந்த வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். கெட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், துரைசானி அழுததாக வந்து சொன்னாள்.

காரணத்தை அம்மா என்னிடம் சொன்னது அப்பா காலமான பிறகு. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது இந்தியாவுக்கு நடந்தே போய், சண்டை முடிந்து திரும்பியவர்களில் அப்பாவும் ஒருவர். போகும்போது அவருக்குப் பதினான்கு வயது. கூடத் தங்கை மட்டும். சின்னப் பெண் கேட்டால் இரங்குவார்கள் என்று, வழிநெடுக அவளைத்தான் வாசல்களில் நிறுத்திக் கை நீட்டச் சொன்னாராம். மணிப்பூர் போய்ச் சேர்ந்தது அவர் ஒருவர்தான்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. நாலு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சீனர் பேட்டையான லத்தாவில் ஒரு கடையிலிருந்து ஒரு மிட்டாய்ப் பொட்டலம் வாங்கி வந்து, “இந்தா, கைய நீட்டு,” என்றார்.

இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். “மாட்டேன். நீங்கதான நீட்டக் கூடாதுன்னீங்க.”

அவர் பொட்டலத்தை என் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனார். அப்பாவை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, ஒன்று விடாமல் தின்று தீர்த்தேன்.