கிணற்று மணலை நிறுத்த வந்தவர்

புங்குடுதீவில் எங்கள் வளவில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். அதன் கற்கட்டுக்குப் பின்னால் மணல் இளகி உள்ளே கொட்டத் தொடங்கியது. அதை நிறுத்த ஒருவர் வந்தார். மெலிந்த ஆள். போகிற இடமெல்லாம் வெறுங்குதிக்காலால் நிலத்தை இரண்டு தரம் இடித்துப் பார்ப்பார். எங்கள் குசினிக்குள்ளும், அடுப்புக்குப் பக்கத்திலேயே, இடித்தார்.

சீமெந்து கரைத்து ஊற்றுவோமா என்று கேட்டேன்.

"ஊத்தினா மண் அசையாது. தண்ணியும் வராது. உமக்கு எது வேணும்?"

கட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, கல் அடுக்க இறங்கினார். இடுப்பில் கயிறு கட்டச் சொன்னேன்.

"கட்டினா நீர் இழுப்பீர். கிட்ட வந்தா உம்மடை பாரத்துக்கு மண் என்ரை தலையிலை விழும். அந்தப் பனையடியிலை நில்லும். நான் கூப்பிட்டாலும் வரப்படாது."

பின்னேரம் ஒரு தரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் போகவில்லை. பனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வேலை முடிந்து ஏறி வந்தபோது அவருக்குக் கழுத்துவரை மணல் ஒட்டியிருந்தது.

"கூப்பிட்டது கேட்டதோ?"

"கேட்டது அண்ணை."

"வரேல்லை."

"நீங்கள்தானே வர வேண்டாமெண்டு சொன்னனீங்கள்."

"ஓம்" என்றார். கால் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கிணறு நிற்கிறது. அவர் என்னை மெச்சினாரா, கோபித்தாரா என்று இன்றைக்கும் தெரியவில்லை.