மொட்டை மாடி பாட்டிலும் மகளின் தர்க்கமும்

அம்பத்தூரில் எங்கள் அடுக்ககச் சங்கம் இன்று காலை கூடியது. மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் பேச்சிலர் பையன்கள் இருவரையும் காலி செய்யச் சொல்வதற்காக.

செயலாளர் சொன்னார்: "பேச்சிலர் பசங்க குடிச்சா மொட்டை மாடில பாட்டில் கிடக்கும். பாட்டில் கிடக்குது. அப்போ குடிச்சது இவங்கதான்."

எல்லோரும் தலையாட்டினோம். நான் சற்றுப் பலமாகவே ஆட்டினேன்.

என் மகள் கல்லூரியில் தர்க்கம் படிக்கிறாள். கணிதத்தில் ஒரு தாள், தத்துவத்தில் ஒன்று, கணினியில் ஒன்று. ஒரே விஷயத்தை எதற்கு மூன்று துறைகளில் படிக்க வேண்டும் என்று நானே கேட்டிருக்கிறேன்.

என்னோடு கூட்டத்துக்கு வந்திருந்த அவள் எழுந்தாள். "அங்கிள், மழை பேஞ்சா மாடி நனையும். மாடி நனைஞ்சிருந்தா மழைதான் பேஞ்சுதுன்னு சொல்வீங்களா? டேங்க் வழிஞ்சாலும் நனையுமே. சரி, மாடிச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"கமிட்டிகிட்ட மட்டும்தாம்மா. வேற யாருக்கும் தர்றதே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் யோசித்தார். கமிட்டி உறுப்பினர்கள் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். பையன்கள் காலி செய்ய வேண்டாம் என்று ஒருமனதாக முடிவானது.

லிஃப்டில் செயலாளர் என் காதருகே, "சார், அடுத்த மீட்டிங்குக்கு நீங்க மட்டும் வாங்க" என்றார்.

மூன்று துறைகளும் சேர்ந்தாலும் இப்படியொரு நற்சான்றிதழ் தர முடியாது. உங்கள் சங்கத்துக்குத் தேவைப்பட்டால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சும்மாதான் இருக்கிறாள்.