முட்டிவலிக்கு எத்தனை மார்க்

இனிப்பைத் தொடுவதே இல்லை என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்பவரின் மூச்சில் சீனிப்பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக் மணக்கும். தினமும் நடக்கிறேன் என்பவரின் சப்பாத்து கடையில் வாங்கியபடியே பளபளக்கும். மலாக்காவின் பாச்சாங் பகுதியில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் ஜிம்மில் பயிற்சியாளராகச் சேர்ந்ததிலிருந்து நான் யார் வாயையும் நம்புவதில்லை. வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்றே பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

அறுபதை நெருங்கிய அந்த ஆண்டி வந்தபோதும் அப்படித்தான் ஏற இறங்கப் பார்த்தேன். கணவருக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது, அவர் பிழைத்தால் மாசி மகத்தன்று பால்குடம் சுமந்து குன்றுக்கோயில் படி ஏறுவதாக வேண்டிக்கொண்டாராம். கணவர் பிழைத்துவிட்டார். ஆண்டிக்குத்தான் இரண்டு முட்டியும் தேய்ந்திருந்தன. மருமகள் தூக்கட்டுமே என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

“வேண்டிக்கிட்டது நான்லா. அவ காலால ஏறினா என் கடன் தீருமா?” என்றார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

தொடைத்தசைக்கு வலு வந்தால் முட்டியின் சுமை குறையும். அதனால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தாழ்ந்த பலகையில் ஏறி இறங்குவது என்று ஆரம்பித்தோம். கையில் பிடிக்கும் எடையை எப்போது கூட்டுவது என்பதற்கு வலிதான் வழிகாட்டி. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை மார்க் என்று கேட்பேன். முன்னேற்றத்தை வருகிறவர்கள் வாயாலேயே சொல்லவை, எல்லார் முன்னாலும் பாராட்டு, அப்போதுதான் விடாமல் வருவார்கள் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நானும் உற்சாகமாகக் கேட்பேன். ஆண்டி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரே பதில் சொல்வார்.

“அஞ்சுமா. அப்படியேதான் இருக்கு.”

ஆனால் என் கண் வேறு கணக்கு சொன்னது. நாற்காலியின் கைப்பிடியை அவர் பிடிப்பதே இல்லை. பலகையில் ஏறும்போது முட்டி ஆடுவதில்லை. பிறகு ஏன் இந்த அஞ்சு? என் பயிற்சி உதவவில்லை என்று முதலாளியிடம் புகார் கொடுக்கப் போகிறாரா? வேறு ஜிம்முக்குத் தாவப் பார்க்கிறாரா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலோரத்து உம்பாயில் மீன் சந்தைக்குப் போனேன். அங்கே ஆண்டி குந்தியபடி மீனின் செவுளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கனமான பையோடு, எதையும் பிடிக்காமல் விருட்டென்று எழுந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வகுப்பு முடிந்ததும் படிக்கட்டில் மறித்து, உம்பாயில் பார்த்ததைச் சொன்னேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நாலு பேர் முன்னால வலி கொறஞ்சுதான்னு கேக்கிறியே, உனக்கு அறிவு இருக்காமா? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. நல்லா இருக்குன்னு சொன்ன மறுநாளே படுத்துருவேன்.”

சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஆண்டியின் அஞ்சைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டேன். அவர் புலம்பப் புலம்ப எடையைக் கூட்டினேன். முட்டி தேறிக்கொண்டே வந்தது.

மாசி மகம் நெருங்கிய நேரம். ஒரு காலை ஆண்டி உள்ளே நுழைந்ததுமே, நான் கேட்பதற்கு முன்பே உரக்கச் சொன்னார்.

“வலியே இல்லமா! ஜீரோ! சூப்பரா இருக்கு.”

எல்லாரும் கை தட்டினார்கள். முதலாளி கட்டைவிரலை உயர்த்தினார். கண்ணடிக்குப் பயந்தவர் ஜீரோ என்கிறாரே என்று நான் மட்டும் கை தட்டவில்லை. நாற்காலியில் உட்காரச் சொல்லி, கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டச் சொன்னேன். மாட்டேன் என்றார். கட்டாயப்படுத்திச் சுருட்டினேன். இடது முட்டி பந்துபோல் வீங்கிச் சூடாக இருந்தது.

“பாசார்ல, மீன் கடை ஈரத்துல வழுக்கிட்டேன்” என்றார். கண் கலங்கியிருந்தது. “சொன்னா ஏறக்கூடாதுன்னு சொல்லுவ. குடத்த மருமக தூக்கிருவா. எல்லாரும் கை தட்டினாங்களே, நீ மட்டும் ஏன்மா நம்பல?”

கிளினிக்குக்குக் காரில் அழைத்துப்போனேன். முட்டிக்குள் சவ்வு கிழிந்திருக்கலாம், ஸ்கேன் எடுக்க வேண்டும், இந்த வருடம் படி ஏறவே கூடாது என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் மலாக்கா ஊருக்குள் வழக்கமான நெரிசல். வெளியே பார்த்தபடியே ஆண்டி, “அடுத்த வருஷம் ஏறிருவேனா?” என்று கேட்டார்.

எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இந்த வயதில், ஏற்கெனவே தேய்ந்த முட்டியில் சவ்வும் கிழிந்தால் என்ன ஆகும் என்று எண்ணும்போதே பயமாக இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஜிம்மில் எல்லாரையும் தட்டிக்கொடுக்கும் அதே குரலை வரவழைத்துக்கொண்டேன்.

“கண்டிப்பா ஏறிருவீங்க ஆண்டி. ஓடியே ஏறுவீங்க பாருங்க.”

ஆண்டி என் பக்கம் திரும்பி, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவ்வளவு மோசமாவா இருக்கு?” என்றார்.