டப்பென்று மூடும் போன்

யாருக்கும் குல்லா போடத் தெரியாத மனுஷனுக்குக் குல்லா என்றே பேர் விழுந்ததை என்னவென்று சொல்வது. மீனும் ஐஸ்கிரீமும் உறைந்த பட்டாணியும் அடுக்கிவைத்திருக்கும் ஒரு குளிர்கிடங்கில் பத்தொன்பது வருஷமாக இருப்புப் பார்க்கிறவர் அவர். மைனஸ் இருபது டிகிரி அறைக்குள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்வர வேண்டும். அதற்காகக் காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாவை வெளியே வந்த பிறகும் கழற்ற மாட்டார். வெயில் மண்டையைப் பிளக்கிற மதியத்திலும் குல்லாவோடுதான் வண்டி ஓட்டுவார். பார்த்தவர்கள் சிரித்தால் முறைப்பார், அதோடு சரி.

குல்லாவுக்கு அடுத்தபடி அவருடைய அடையாளம் அந்த போன். தொடுதிரை போன்கள் தலைகாட்டத் தொடங்கிய காலத்தில் வாங்கியது. மேலே திரை இருக்கும். பெருவிரலால் அதை ஒரு தள்ளு தள்ளினால், அடியிலிருந்து பொத்தான்கள் கொண்ட பலகை எட்டிப் பார்க்கும். மூன்று போனை ஒன்றன்மேல் ஒன்று வைத்த கனம். சட்டைப்பையில் போட்டால் சட்டையே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். "தற்காப்புக்கா வச்சிருக்கீங்க?" என்று கேட்காத ஆள் கிடங்கில் கிடையாது.

ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். அந்த போனில் சங்கதி இருந்தது. இப்போதைய போன்கள் எல்லாம் விரல் தோல் பட்டால்தான் வேலை செய்யும். கையுறை போட்டுக்கொண்டு தொட்டால் யாரோ என்று இருந்துவிடும். இவருடைய திரைக்கு அந்த ராங்கி இல்லை. கதவு மணியை அமுக்குகிற மாதிரி ஓர் அமுக்கு அமுக்கினால் போதும். தடித்த கையுறை, பேனா மூடி, கரண்டிக் காம்பு, எதற்கும் பணிந்துபோகும். பொத்தான்களோ இன்னும் விசேஷம். மேனேஜர் கூட்டம் போட்டு அறுத்துக்கொண்டிருக்கும்போது, மேஜைக்கு அடியில் பார்க்காமலே தட்டி, "இன்னும் முடிக்கல, நீ சாப்பிடு" என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிடுவார்.

குறையும் உண்டு, மறைப்பானேன். அந்தத் திரையில் ஒரு வரியை அமுக்கினால் அதற்குக் கீழ் வரிக்குப் போகும். பெயர்ப் பட்டியலில் மனைவியைக் கூப்பிட வேண்டுமானால் அதற்கு மேலே இருக்கிற மருந்துக்கடையை அமுக்க வேண்டும். மேனேஜரைக் கூப்பிட மச்சினனை அமுக்க வேண்டும். சரிசெய்துகொள்ளலாமே என்றால், "எனக்குப் பழகிப்போச்சு, அதுக்கும் பழகிப்போச்சு" என்பார். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். பொத்தான்கள் வேறு கையுறைக்கு ஆகாது. ஒன்றை அமுக்கினால் மூன்று அமுங்கும்.

எல்லாவற்றையும்விட அவர் உயிரை வைத்திருந்தது வேறொன்றில். பலகையைத் திறந்தால் அழைப்பு எடுக்கும், மூடினால் துண்டாகும். மூடும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும். சண்டைக்காரருக்கு அதைவிட என்ன வேண்டும்? மின்கட்டண அலுவலகமோ, லேட்டாக வரும் லாரிக்காரரோ, கடைசி வார்த்தையைச் சொல்லி டப்பென்று மூடிவிட்டால் அவருக்கு அன்றைய சாப்பாடு செரித்துவிடும்.

அந்த டப்பினால்தான் மச்சினனோடு எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, போன் கடை வைத்திருக்கிறவன். நல்ல பையன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஆசையாக ஒரு புதுப் போனைக் கொண்டுவந்து மாமாவுக்குக் கொடுத்தான். மாமாவும் மறுக்காமல் வாங்கிக் கிடங்குக்குக் கொண்டுபோனார். உள்ளே கையுறையோடு தொட்டார், அசையவில்லை. கையுறையைக் கழற்றித் தொட்டார், விரல் மரத்துப்போய் போன் கீழே விழுந்து நெட்டுக்கு விரிசல் விட்டது. அன்று மாலையே கடைக்குப் போய், பத்துப் பேர் பார்க்க அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "உன் சாமான் என் வேலைக்கு ஆகாதுப்பா" என்று சொல்லிவிட்டு வந்தார். ராத்திரி மச்சினன் கூப்பிட்டான். "கடையில அத்தனை பேர் முன்னாடி அசிங்கப்படுத்திட்டீங்களே மாமா. உங்க போனு ஒரு செங்கல்லு, அதைக் கட்டிக்கிட்டு அழறது நீங்க" என்றான். இவர், "செங்கல்லா? இந்தா, செங்கல் பேசுது கேளு" என்று டப்பென்று மூடினார். அவ்வளவுதான். நடுவில் மாட்டிக்கொண்டவள் மனைவி. இங்கே சொல்வதை அங்கேயும் அங்கே சொல்வதை இங்கேயும் சுமந்து அவளுக்குத்தான் தொண்டை வறண்டது.

வேடிக்கை என்னவென்றால், பேசாத மச்சினனின் பெயரை அவர் தினமும் பத்துத் தடவை அமுக்கிக்கொண்டிருந்தார். மேனேஜரைக் கூப்பிட வேறு வழி? பெயரை அழித்துவிடலாம்தான். ஆனால் வரிசை மாறும், விரல் பழக்கம் கெடும் என்று விட்டுவைத்திருந்தார். அதாவது அப்படித்தான் மனைவியிடம் சொன்னார்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

சனிக்கிழமை கிடங்குக்கு அரை நாள். எல்லாரும் போன பிறகு கடைசியாக ஒருமுறை அறை வெப்பத்தைப் பார்த்து எழுதிவிட்டு, வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியவர் குல்லா. அந்த மைனஸ் இருபது டிகிரி உறை அறையின் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் ரகம். உள்ளிருந்து திறக்கும் குமிழ் உடைந்து ஒரு வாரம் ஆகிறது. புகார் எழுதிப் போட்டதும் அவர்தான். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அன்றும் செருகிவிட்டுத்தான் போனார்.

ஆனால் முதல் நாள்தான், கூட்டிப் பெருக்க வரும் அம்மாவைப் பிடித்து அரை மணி நேரம் உபதேசம் செய்திருந்தார். "கதவு திறந்திருந்தா குளிரு எல்லாம் போயிடும்மா. யாரு திறந்து போட்டிருந்தாலும் நீங்க சாத்திடுங்க. நானே ஆனாலும் சரி." அந்த அம்மா சொன்ன பேச்சைத் தட்டாதவர். எல்லாருக்கும் பின்னால் பெருக்கி முடித்து வீட்டுக்குக் கிளம்பும் வழியில் திறந்த கதவைப் பார்த்தார், கட்டையைக் காலால் தள்ளினார், கதவு சாத்திக்கொண்டதைத் திருப்தியாகப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

உள்ளே இவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. கதவைத் தட்டினார், உதைத்தார். அரை அடி கனத்துக் கதவு. அதை உதைத்து யாருக்குக் கேட்க? அடுத்து யாராவது வந்து திறப்பது திங்கட்கிழமை. அவர் போட்டிருந்த கோட்டு ஒரு மணி நேரம் தாங்கும், மிஞ்சிப்போனால் இரண்டு. வீட்டில் தேடுவார்கள் என்றும் சொல்ல முடியாது. சனிக்கிழமை மதியம் இந்தப் போனுக்கு உதிரி பாகம் தேடிப் பழைய சாமான் கடைகளில் அலைந்துவிட்டு இருட்டிய பிறகு வருவது அவர் வழக்கம்.

போனை எடுத்தார். உறை அறையில் குழாய் நுழைகிற மூலையில் மட்டும்தான் சிக்னல் வரும். அந்த மூலையில் நேற்று இறங்கிய ஐஸ்கிரீம் பெட்டிகள் கூரைவரை நின்றன. ஒவ்வொன்றாக இறக்கி வழி பண்ணுவதற்குள் கால் மணி ஆனது. அதுவரை போன் கையிலேயே, திறந்த குளிரில். சட்டைப்பையின் சூட்டில் வாழ்ந்து பழகிய சாமான் அது. நான்கு கோடு காட்டிய பேட்டரி ஒரு கோட்டுக்கு இறங்கி, அதுவும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

ஓர் அழைப்புக்குத்தான் தாங்கும். யாரைக் கூப்பிடுவது? மனைவியைக் கூப்பிட்டால் முதலில் அலறுவாள், அப்புறம் கேள்வி கேட்பாள், பேட்டரி அலறலிலேயே முடிந்துவிடும். மேனேஜர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். சரி என்று, வழக்கம்போல மேல் வரியை, மச்சினன் பெயரைக் கையுறை விரலால் அமுக்கினார்.

குளிரில் அந்தத் திரைக்கு என்ன புத்தி வந்ததோ தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அமுக்கின இடத்திலேயே வேலை செய்தது.

"மாமா?" என்றது மறுமுனை.

குல்லா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை முறைத்தார். "மேனேஜருக்குப் போட்டேன். தப்பா வந்துடுச்சு."

"எட்டு மாசம் கழிச்சு போன் பண்றீங்க, அதுவும் தப்பாத்தான் வருமா?"

"இல்லப்பா... ஒரு சின்ன உதவி..."

"உதவியா? செங்கல்லு உடைஞ்சிடுச்சா? பாத்தீங்களா, நான் அன்னைக்கே சொன்னேன். அதுக்கு எந்தக் கடையிலயும் ஸ்பேர் கிடையாது மாமா. போன் தப்புன்னு ஒரு வார்த்தை ஒத்துக்குங்க, நானே வந்து..."

அந்த இடத்தில் "ஒத்துக்கறேன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை முடிந்தது. உயிர் போகிற நேரத்திலும் இந்த மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்ததே, அதைச் சொல்லுங்கள். "எது தப்பு? மைனஸ் இருபதுல நின்னு, கையில உறையோட பேசிக்கிட்டிருக்கேன். உன் கடையில இருக்கறதுல ஒண்ணாவது பேசுமாடா? பேச்ச பாரு" என்றார். சொன்ன கையோடு கை தன் வேலையைச் செய்தது.

டப்.

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கையால் கெட்டார். மூடிய போனையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அவசரமாகத் திறந்தால் திரை கறுத்துக் கிடந்தது. பொத்தானை அமுக்கிப் பிடித்தார். போன் எழுந்து, நிதானமாகத் தன் வரவேற்பு இசையை ஆரம்பித்து, ஒரு சுரம் விடாமல் வாசித்து முடித்துவிட்டு, இருந்த மிச்சச் சார்ஜும் தீர்ந்து அணைந்துபோனது.

அப்புறம்தான் பயம் வந்தது. ரேக்குகளுக்கு நடுவே ஓடினார், குதித்தார், பட்டாணிப் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி வைத்தார். புருவத்தில் வெள்ளை பூத்தது. கால்விரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. ஒரு போனுக்காக ஒரு நல்ல பையனிடம் எட்டு மாதம் முகம் திருப்பிக்கொண்டு இருந்துவிட்டோமே என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதால் கண்ணீர் உறைந்துவிடும் என்று அதையும் அடக்கிக்கொண்டார்.

அதே நேரத்தில் மச்சினன் கடைக் கதவை இழுத்து விட்டுவிட்டு வண்டியை முறுக்கிக்கொண்டிருந்தான். உதவ அல்ல, சண்டைக்கு. முதல் தடவை மூடியபோது பொறுத்தான். எட்டு மாதம் கழித்துத் தானாகக் கூப்பிட்டு மறுபடியும் மூஞ்சியில் மூடினால் யார்தான் பொறுப்பார்கள்? நேரே கேட்டுவிடுவது என்று கிடங்குக்கு வந்தான். வெளிக்கதவு திறந்திருந்தது, மாமாவின் வண்டி நின்றது, ஆளைக் காணோம். "மாமா, ஒளிஞ்சிக்கிட்டா விட்டுடுவேனா?" என்று ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தான். கடைசியில் உறை அறையின் கதவை இழுத்தான்.

"வைக்கறதா இருந்தா சொல்லிட்டு வைக்கணும் மாமா. அதென்ன டப்புனு..." என்று பேசிக்கொண்டே நாலு எட்டு உள்ளே வந்தவன் அப்படியே நின்றான். எதிரே வெள்ளைப் புருவத்தோடு ஓர் உருவம், பட்டாணிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, குதித்துக்கொண்டிருந்தது.

"மாமா, என்ன பண்றீங்க?"

குல்லாவின் கண் அவன்மேல் இல்லை. அவனுக்குப் பின்னால் கதவு மெதுவாகத் தானே சாத்திக்கொண்டிருந்தது. "கத... கத..." என்றார். தாடை ஒத்துழைக்கவில்லை. பெட்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். கட்டை வெளியே கிடந்தது. இடுக்கு நான்கு விரல் அகலம்தான் மிச்சம். கோட்டுப் பையில் கைக்கு அகப்பட்டதை எடுத்துச் செருகினார்.

செருகிய பிறகுதான் அது போன் என்று தெரிந்தது. படக்கென்று ஒரு சத்தம். திரை தனியாக, பலகை தனியாகப் பிளந்தது. ஆனாலும் அது செங்கல் அல்லவா, கதவை நிறுத்திவிட்டது. இருவரும் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து விழுந்தார்கள்.

வெயில் விழும் முற்றத்தில் மச்சினன் தன் சட்டையைக் கழற்றி மாமாவுக்குப் போர்த்தி, கையைத் தேய்த்துத் தேய்த்துவிட்டான். "உள்ள மாட்டிக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மாமா? செத்திருப்பீங்களே" என்றான், தேய்ப்பதை நிறுத்தாமல்.

"நீ எங்கடா சொல்ல விட்ட?" என்றார் குல்லா. பிறகு அவன் தலையைக் கையுறையோடு பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதார்.

உடைந்த இரண்டு துண்டுகளையும் மச்சினன் கர்சீப்பில் முடிந்து எடுத்துப்போனான். மூன்று வாரம் எங்கெங்கோ தேடி, அதே மாடலில் செத்துப்போன ஒன்றைப் பிடித்து, இதையும் அதையும் சேர்த்து உயிர் கொடுத்துவிட்டான். திரை ஒழுங்காக அமுக்கின இடத்தில் வேலை செய்தது. ஒரே ஒரு குறை. பலகை வெளியே வந்தது வந்ததுதான், மூட முடியவில்லை. "அது மட்டும் முடியல மாமா, தேய்மானம்" என்றான், கண்ணைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்து விளக்கில் பிடித்துப் பார்த்தார் குல்லா. பலகை ஓடும் தண்டவாளத்தில், இரண்டு பக்கமும், ஒவ்வொரு சொட்டுப் பசை. நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினால் போய்விடும்.

"என்னங்க பாக்கறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல, தேய்மானம்" என்றார்.

அதற்குள் போன் அடித்தது. மச்சினன்தான், நல்லா வேலை செய்யுதா என்று கேட்கக் கூப்பிட்டான். பேசி முடித்த பிறகும் இருவரும் வைக்கவில்லை. "சரி, நீ வைடா" என்றார் இவர். "நீங்க வைங்க மாமா" என்றான் அவன். பசையைத் தடவிக்கொண்டிருந்த பெருவிரலை எடுத்துவிட்டு, "வேற என்ன விசேஷம், சொல்லு" என்றார் குல்லா.